மூன்றாவது முறை கூப்பிடாமல் நின்ற அய்யா

அன்றைக்கு இராமநாதபுரம் பழைய கோர்ட் வராந்தாவில் இருந்தவர்கள்: நான், என் மாமியார், ஜாமீன் கையெழுத்துப் போட்ட கருப்பையா மாமா, இரண்டு போலீஸ்காரர்கள். உள்ளே மாஜிஸ்திரேட்டும் பெஞ்சு கிளார்க்கும். வாசலில் வெள்ளை உடுப்பும் குறுக்கே சிவப்பு டவாலிப் பட்டையுமாக எங்கள் அய்யா, என்னைப் பெற்றவர். வந்திருக்க வேண்டிய ஐந்து பேரை மட்டும் காணோம். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

அய்யா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் மழையை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தார்கள். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து, கோர்ட் தோட்டத்து மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவர்கள், பிறகு அங்கேயே பேர் கூப்பிடும் டவாலி ஆனார்கள்.

அது வெள்ளைக்காரன் கட்டிய கட்டடம். சுவர் இரண்டு முழ அகலம். உள்ளே பேசுவது வெளியே கேட்காது, வெளியே கத்துவது உள்ளே கேட்காது. அதனால் ஒருவர் பேரை அய்யா ஒரே இடத்தில் நின்று மூன்று முறை கூப்பிட மாட்டார்கள். முதல் முறை வாசலில், இரண்டாவது வராந்தாக் கோடியில், மூன்றாவது படியிறங்கி ரோட்டைப் பார்த்து. "கூப்பிட்டது காதுல விழலைன்னு ஒருத்தன் ஜெயிலுக்குப் போகக் கூடாது" என்பார்கள். மூன்றாவதுக்கும் ஆள் வராவிட்டால் பிடிவாரண்டுதான்.

எனக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் மாரியூர் பக்கம். அங்கே ஒரு கட்சியின் கொடிக்கம்பத்தை இன்னொரு கட்சிக்காரர்கள் வெட்டியதில் தொடங்கிய சண்டை, பஸ் கண்ணாடி உடைந்து, ஒருவர் மண்டை உடைந்து, கோர்ட்டில் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் கல் எறிந்தாரா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்கப் பயம். போன வாய்தாவுக்கு விதைப்பு வேலை என்று ஐந்து பேரும் போகவில்லை. அடுத்த முறையும் வராவிட்டால் வாரண்டு என்று மாஜிஸ்திரேட் சொல்லிவிட்டார். நானும் மாமியாரும் முதல் நாளே அய்யா வீட்டுக்கு வந்துவிட்டோம். விடிந்து பார்த்தால், யாரோ தலைவரைக் கைது செய்துவிட்டார்களாம், எங்கேயும் பஸ் ஓடவில்லை. மதுரையிலிருந்து வரவேண்டிய வக்கீலும் வரவில்லை.

"உன் மாப்பிள்ளைய நம்பி நாலு ஏக்கர் பட்டாவக் குடுத்தேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். நிலம் போச்சுன்னா உங்கய்யா டவாலிய வித்தா குடுப்பாரு?" என்றார் கருப்பையா மாமா, என்னைப் பார்த்து.

"வாயக் கழுவுய்யா. வருவாய்ங்க" என்றார் மாமியார்.

அய்யா வாசலில் வந்து ஐந்து பேரையும் கூப்பிட்டார்கள். வீட்டில் ‘மாப்பிள்ளை’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதவர்கள், அன்று என் வீட்டுக்காரர் பேரைத் தகப்பன் பேரோடு சேர்த்துச் சொன்னார்கள். வராந்தாக் கோடிக்குப் போய் இரண்டாவது முறை கூப்பிட்டார்கள். பிறகு படியிறங்காமல் நின்றுவிட்டார்கள். டவாலியைக் கழற்றினார்கள், துடைத்தார்கள், மறுபடி போட்டார்கள்.

கிளார்க் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, மூணாவது?"

"கூப்பிடுறேன்."

"மருமகனுக்காகவா நிக்கிறீக?"

"அஞ்சு பேருக்குந்தான்."

"வேலைக்கு வேட்டு வச்சுக்கிறாதீக. உள்ள கேக்குறாக."

வாரண்டும் வேண்டாம், அய்யா வேலையும் போகக் கூடாது. எதைக் கும்பிடுவது என்றே தெரியவில்லை. கிட்டே போய், "அய்யா, கூப்பிட்டுருங்க. எங்க தலையெழுத்து போல நடக்கட்டும்" என்றேன்.

"நீ அங்கன போயி உக்காரு தாயி." அய்யாவின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

மறுபடியும் கிளார்க் வந்தார். பார்த்துவிட்டுப் போனார். அப்போதுதான் முன்கண்ணாடி இல்லாத மீன் வண்டி ஒன்று கேட்டுக்குள் நுழைந்தது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ஐந்து பேரும் குதித்தார்கள். அய்யா படியிறங்கி, எதிரே நிற்கிறவர்களின் பேரையே ரோட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்கள்.

"இங்கனதான மாமா நிக்கிறோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பேசாம உள்ள போங்க."

இவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று மாஜிஸ்திரேட் அய்யாவைக் கேட்டார். கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "ரெண்டு தடவைதான்யா கூப்பிட்டேன். மூணாவத நாந்தான் நிப்பாட்டி வச்சேன்" என்றார்கள். வாரண்டு போகவில்லை. அய்யாவுக்குத்தான் மெமோ வந்தது. இரண்டு வருடச் சம்பள உயர்வு நின்றது. வழக்கு பிறகு சாட்சியில்லாமல் தள்ளுபடியானது. மனுப் போட்டு உயர்வைக் கேட்கச் சொன்னோம். "தப்புன்னு தெரிஞ்சுதான செஞ்சேன், என்னன்னு எழுதுறது?" என்று விட்டுவிட்டார்கள். இதை அச்சில் போட்டால் அம்மாவின் பென்ஷனுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று தம்பியிடம் நாலு முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கடைசி மூன்று மாதம் அய்யா மூச்சுத்திணறலில் கிடந்தபோது உடனிருந்து பார்த்த டாக்டர்களுக்கும் நர்சம்மாக்களுக்கும், பக்கத்து வீட்டாருக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காமல் கூடவே இருந்து தூக்கிப் படுக்கவைத்த கருப்பையா மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அந்த மீன் வண்டியை ஓட்டி வந்த சுலைமான் அண்ணன். வழியில் மறித்தவர்கள் எறிந்த கல்லில் கண்ணாடி நொறுங்கியும் வண்டியைத் திருப்பாதவர். கண்ணாடிக்கு எண்ணூறு ரூபாய். அவர் வேண்டாம் என்றார், அய்யா விடவில்லை. மாதம் ஐம்பதாகக் கொடுத்துவந்தார்கள். ஒன்பது மாதம் ஆனதும் அண்ணன் துபாய்க்குப் போய்விட்டார், வீட்டாரும் ஊர் மாறிவிட்டார்கள். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அவர்கள் இருப்பிடம் தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அய்யா தர வேண்டியது இன்னும் முந்நூற்றைம்பது ரூபாய்.