உம்மாவின் பெயரில் அனுப்பிய பழைய டிஸ்க்

சகோதரிகளே, அல்லாஹ் துஆவைக் கேட்கிறான் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சொன்னால் என் மானம் போகும். ஆனால் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு சொன்னால் அது பாதிச் சாட்சிதான். அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

நான் கல்முனைக்குடியில் இருக்கிறேன். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் யாருடைய கம்பியூட்டர் படுத்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாவது கிழமை. மகள் ஸஹ்லாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். ஒலுவில் துறைமுகத்து மீனவக் குடும்பங்களைப் பற்றி ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் பஸ்ஸில் போய் வந்து, வெயிலில் நின்று, ஒவ்வொரு குடும்பமாகக் கதைத்து எழுதியது. திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கணினியோ, ஓன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தாலும் எழும்பாது. வேகமாக எழும்பட்டும் என்று நான் புதிதாக ஒரு எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்கி வந்தேன்.

"உம்மா, திங்கள் முடியும் மட்டும் அதத் தொடாதீங்க" என்றாள் மகள்.

"எனக்குப் படிப்பிக்க வாறாய் என்ன?" என்று கேட்டேன்.

வியாழக்கிழமை, பழைய டிஸ்க்கைக் கழற்றாமலே பக்கத்தில் புதியதை மாட்டி, அதில் கணினியை இயக்கும் பணிசெயல் முறைமையைப் போட்டேன். கணினி பறந்தது. கோப்புகளையும் புதியதற்கு மாற்றினேன். வெள்ளிக்கிழமை காலையில் பழைய டிஸ்க்கைக் கழற்றினேன். கழற்றிய பிறகு ஒரு முறை ஓன் பண்ணிப் பார்த்திருக்க வேண்டும். என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். பார்க்கவில்லை. ஜும்ஆத் தொழுகைக்கு முன் ஒரு தர்மம், ஸதகா, கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம்.

ஸதகா யாருக்கு? நற்பிட்டிமுனையில் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் மதரஸா நடத்துகிற என் ராத்தாவுக்கு, கூடப்பிறந்த அக்காவுக்கு. நானும் அவளும் கதைத்து ஐந்து வருடம். உம்மா இறந்த அன்று ஜனாஸா வீட்டில், சனம் நிறைந்திருக்க, "ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் ஓதிக் குடுத்தாய், பெத்த உம்மாக்கு ஒரு கோப்பை தண்ணி குடுத்தியா?" என்று அவளைக் கேட்டவள் நான். உம்மா நோயில் கிடந்த மூன்று மாதமும் அவளும் படுக்கையில் கிடந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

மதரஸாவின் கம்பியூட்டருக்கு டிஸ்க் இல்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். பழைய டிஸ்க்கின் மேல் ஒரு தாளை ஒட்டி, "உம்மாவின் பெயரில் ஸதகா" என்று எழுதி, கீழே என் பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டு ஓட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். உம்மாவுக்கு நன்மை சேரட்டும் என்றா எழுதினேன்? ராத்தாவின் நெஞ்சில் குத்தட்டும் என்று எழுதினேன். ஸதகாவைக் கல்லாக எறிந்தேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் கணினியை ஓன் பண்ணினாள். கறுப்புத் திரை. எழும்புவதற்கு எந்தச் சாதனமும் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்.

கேபிளை மாற்றினேன். கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போய், எந்த டிஸ்க்கிலிருந்து எழும்புவது என்ற வரிசையை மாற்றினேன். ரேமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்து மாட்டினேன். பயோஸில் புதிய டிஸ்க்கின் பெயர் தெரிகிறது, ஆனால் கணினி அதிலிருந்து எழும்பவில்லை. ஒவ்வொரு முறை ஓன் பண்ணும்போதும் பிஸ்மி சொன்னேன். "யா அல்லாஹ், நான் ராத்தாட வாசலுக்குப் போகாம இதத் திறந்து தா" என்று அழுது கேட்டேன். அந்த துஆவை அவன் ஏற்கவில்லை.

சனிக்கிழமைதான் பிழை விளங்கியது. பழைய டிஸ்க் மாட்டியிருக்கும்போது நான் புதியதில் நிறுவியதால், கணினியை எழுப்பும் கோப்புகள் பழையதிலேயே தங்கிவிட்டன. அதுகூடப் பரவாயில்லை, திருத்தலாம். புதிய டிஸ்க்கைப் பக்கத்து வீட்டுக் கணினியில் மாட்டிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன, ஆய்வு மட்டும் இல்லை. பழைய டிஸ்க் C, D என்று இரண்டு பகுதி. நான் மாற்றியது C-யை. மகள் வைத்திருந்தது D-யில். அவளுடைய பென் டிரைவில் முதல் இரண்டு அத்தியாயம் மட்டும்தான் இருந்தது.

மகள் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். தொழுகை முசல்லாவை விரித்து அதில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மதரஸாவில் இந்நேரம் அந்த டிஸ்க்கை அழித்துப் புதிதாகப் போட்டிருப்பார்கள். அழிக்காவிட்டாலும், கொடுத்த ஸதகாவைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கேவலம் என்று ஓதி வளர்ந்தவள் நான். அதுவும் யாரிடம்? ஞாயிற்றுக்கிழமை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு துஆவை மாற்றிக் கேட்டேன். "ரப்பே, நான் போறன். என்னக் கேவலப்படுத்து. புள்ளைட உழைப்ப அழிச்சிராத."

ராத்தா கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஸலாம் சொன்னேன். பதில் சொன்னாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

உள்ளே போய் அலுமாரியைத் திறந்து டிஸ்க்கை எடுத்து வந்தாள். நான் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது.

"கம்பியூட்டர்ல போடல்லையா, ராத்தா?"

"இல்ல. உள்ளுக்கு உன்ட புள்ளைட சாமான் ஏதும் கிடக்கும். அது அமானிதம், அடுத்தவங்கட பொருள். கேட்டுப்போட்டுத்தான் அழிக்கணும் எண்டு வச்சன்." டிஸ்க்கை நீட்டிக்கொண்டே சொன்னாள், "கேக்கிறதுக்கு என்னட்ட உன்ட நம்பர் இல்ல."

என் கை டிஸ்க்கை வாங்க நீளவில்லை. ஸதகாவை எப்படித் திருப்பி எடுப்பது?

அவளுக்கு விளங்கிவிட்டது. தாளை மெதுவாக உரித்து மடித்துத் தன் குர்ஆனுக்குள் வைத்தாள். "நீ தந்தது எனக்கு வந்து சேந்திட்டு. உம்மாட கணக்கிலயும் சேந்திட்டு. இப்ப இது என்ட. என்டத நான் ஸஹ்லாக்குக் குடுக்கன். நீ ஒண்டும் திருப்பி எடுக்கல்ல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "ராத்தா, என்ன மன்னிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அத இப்ப கேக்காத" என்றாள்.

பழைய டிஸ்க்கை மாட்டியதும் கணினி எழும்பியது. ஆய்வு ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது. திங்கட்கிழமை மகள் ஒப்படைத்தாள். அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கிழமையே மதரஸாவுக்குப் புதிய டிஸ்க் ஒன்று வாங்கி நானே போய் மாட்டிக்கொடுத்தேன். அதில் யாருடைய பெயரும் எழுதவில்லை.

சகோதரிகளே, நான் கேட்ட முதல் துஆவை அல்லாஹ் மறுத்ததற்குத்தான் அதிகம் நன்றி சொல்கிறேன். அதை ஏற்றிருந்தால் எனக்குக் கணினி கிடைத்திருக்கும், அந்த வாசல் கிடைத்திருக்காது. உங்களுக்கும் ஒரு துஆ கபூலாகாமல், ஏற்கப்படாமல் நின்றால், அவன் மேல் நம்பிக்கை வைத்து, நீங்கள் போக மறுக்கிற வீட்டுக்கு முதலில் போங்கள். என்னைப் போல ஐந்து வருடம் பிந்தாதீர்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நற்பிட்டிமுனைக்குப் போகிறேன். ராத்தா தேத்தண்ணி தருகிறாள். அதிகம் கதைப்பதில்லை. என் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். இன்னும் அவளிடமிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. அதற்கும் துஆ கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.