கோமதி டீச்சரின் இடது கை

மூன்றாம் பாடவேளையின்போது இலஞ்சியிலிருந்து ஆள் வந்து, கோமதி டீச்சர் காலமான செய்தியைச் சொன்னார். காய்ச்சலென்று விடுப்பில் போனவர் திரும்பவே இல்லை. தென்காசிப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் கிட்டார் வாசித்தது நினைவிருக்கும். அது வந்த கதை எனக்குத்தான் முழுதாகத் தெரியும்.

டீச்சர் பிறவியிலேயே இடது கைக்காரர். சிறுவயதில் அடித்து அடித்து வலது கையால் எழுத வைத்தார்கள். வானொலியில் ஒரு மெல்லிசைப் பாடகர் கிட்டாரோடு பாடினால், டீச்சர் பிசைந்த சோற்றை மறந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வாரப் பத்திரிகையில் அந்தப் பாடகரின் படம் வந்தது. அதில் அவர் இடது கையால் மீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அவரும் என்ன மாதிரி எடது கைக்காரரு!" என்று வகுப்பு வாசலிலேயே என்னிடம் கத்திவிட்டார்.

பட்டாளத்திலிருந்த அண்ணனை நச்சரித்துப் பழைய கிட்டார் ஒன்றை வரவழைத்தார். தந்திகளை மாற்றிக் கட்டி, பாட்டைக் கேட்டுக் கேட்டே பழகினார். "பொம்பளப் பிள்ளைக்கு இது என்ன வேல, அதுவும் பீச்சாங்கையால" என்ற ஊர்வாயை அந்தப் படத்தைக் காட்டித்தான் அடைத்தார்.

அடுத்த சாரல் சீசனுக்கு அந்தப் பாடகர் குற்றாலத்தில் கச்சேரிக்கு வந்தார். நானும் டீச்சரும் நனைந்துகொண்டே போனோம். மேடையில் அவர் வலது கையால் வாசித்தார்! அடுத்த வாரம் பள்ளி ஆண்டு விழாவில் டீச்சர் முதன்முதலாக வாசிப்பதாக இருந்தது. இனி கிட்டாரைத் தொடமாட்டார் என்றே நினைத்தேன்.

திரும்பும் பேருந்தில் டீச்சர் கைப்பையிலிருந்து படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"எடப்பக்கம் இருக்க வேண்டிய சட்டப் பை வலப்பக்கம்லா இருக்கு. படத்தத் திருப்பிப் போட்டு அச்சடிச்சிருக்கான். இத்தன நாளும் பாக்கலையே!"

திடீரென்று சிரித்தார்.

"நல்லவேள, அப்பமே தெரியல. இப்பம் கை பழகிட்டுல்லா!"

ஆண்டு விழாவில் முதல் வரியில் தடுமாறி, "இருங்க, மறுபடி வாசிக்கேன்" என்று சிரித்துக்கொண்டே தொடங்கியதை நீங்களும் பார்த்தீர்கள். அன்று அவரை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

என் மகள் இடது கையால் எழுதத் தொடங்கியபோது டீச்சர் அந்தப் படத்தை என்னிடம் கொடுத்தார். "சட்டப் பையப் பத்தி மூச்சு விட்றாத" என்றார். மகள் படிக்கும் இடத்தில் ஒட்டியிருக்கிறேன். இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை. என்றைக்காவது அவளே கண்டுபிடிப்பாள். அதற்குள் கை பழகியிருக்கும்.