சிகிச்சைக்குப் பின் வந்த கொப்புளங்கள்

எங்கள் பிரிண்டிங் கடைக்கு, சூடில்லாமல் படத்தின் மேல் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டும் கோல்டு லேமினேஷன் மெஷின் வந்திறங்கிய அன்று, அதற்குச் சந்தனம் பூசி மாலை போட்டவள் நான். அதை ஓட்டும் வித்தையைக் கற்றவர் என் கணவர். கட்டிலில் படுத்தபடி, செல்போனில். வீடியோ பார்த்தே நீச்சல் பழகிய ஒருவர் ஊருணியில் குதிப்பதை நீங்கள் பார்த்ததுண்டென்றால், இனி நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்கு வியப்பாக இராது.

முதல் பெரிய வேலை, காரைக்குடியில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு தோல் மருத்துவமனைக்கு. ஆள் உயரச் சுவர்ப்படம். ஒரே பெண்ணின் முகம் இரண்டு தடவை: இடப்பக்கம் பருக்களோடு 'சிகிச்சைக்கு முன்', வலப்பக்கம் வழவழவென்று 'சிகிச்சைக்குப் பின்'.

பிரிண்டரிலிருந்து வெளியே வந்த வினைல் தாளை முகர்ந்து பார்த்தேன். மை வாடை மண்டைக்கு ஏறியது.

"இன்னும் காயலைங்க. நாளைக்கு லேமினேஷன் போடுவமா?"

"தொட்டா கையில ஒட்டலைல்ல? அப்பக் காஞ்சிருச்சுன்னு அர்த்தம். நீ அங்குட்டுப் பிடி."

அங்குட்டுப் பிடித்தேன். பிறகு இங்குட்டும் பிடித்தேன். நிபுணருக்கு வியர்த்ததால் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. வாசல் கதவும் அகலத் திறந்து கிடந்தது. ரோட்டுச் செம்மண் அழைப்பில்லாமலே உள்ளே வந்து உட்கார்ந்தது. ஒட்டும் ஃபிலிமின் அடிக்காகிதத்தை ஒரே இழுப்பில் முழுவதுமாக உரித்தார். ரோலரின் ஒரு முனையை இறுக்கமாகவும் மறுமுனையைப் பெருந்தன்மையாகவும் திருகி வைத்தார். மெஷின் உறுமியது, படம் மறுபக்கம் வந்தது.

பரு முகம் பளபளவென்று வந்திருந்தது. குணமான முகத்தில்தான் தாடை முதல் நெற்றி வரை கொப்புளம்.

உடனே விசாரணை தொடங்கியது. ஃபிலிம் மட்டம் என்றார். வெயில் என்றார். என் வளையல் உரசியிருக்கும் என்றார். கடைசியில் எதிர்க்கடைக்காரரின் திருஷ்டி என்று முடித்தார். ஈர மையை மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க டாக்டரம்மாவே வந்துவிட்டார். மறைக்க இடமில்லை. படத்தருகே குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?"

தொழில் பழக்கத்தில் வாய் தவறிக் கேட்டிருப்பார். என் கணவர் கைகட்டி நின்று, "மத்தியானத்துல இருந்து, டாக்டர்" என்றார்.

சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதோடு விட்டாரா?

"எழுத்தை மட்டும் மாத்தி ஒட்டிரலாம் டாக்டர். கொப்புளத்துப் பக்கம் 'முன்', பருப் பக்கம் 'பின்'."

"அப்ப எங்கிட்ட வந்தும் பரு போகாதுன்னு சுவத்துல எழுதி மாட்டச் சொல்றீகளா?"

டாக்டரம்மா என்னிடம் ஊக்கு ஒன்று கேட்டு வாங்கினார். கொப்புளத்தின் ஓரத்தில் சாய்வாகக் குத்தி, கட்டைவிரலால் அந்தத் துளையை நோக்கித் தள்ளினார். அமுங்கியது. அடுத்ததும் அமுங்கியது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் கன்னத்தில் புதிதாக ஒன்று எழும்பியிருந்தது.

"ஒண்ணை அமுக்குனா ஒண்ணு வருதே. உள்ள என்னதான் இருக்கு?"

"ஈர மைங்க. அது விடுற ஆவி வெளியேற வழியில்லாம நிக்கிது" என்றேன். கணவர் என்னை, கட்சி மாறியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்ப அவசரம் வேணாம். திறப்பு விழா படமில்லாமலே நடக்கட்டும். நல்லாக் காயவச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

புதிதாக அடித்த படத்தைச் சுருட்டாமல், வாடை போகும்வரை மேசையில் விரித்துப் போட்டேன். மறுநாள் தரையை ஈரத்துணியால் துடைத்து, கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தினேன். ரோலரின் இரண்டு முனைகளிலும் காகிதத் துண்டு கொடுத்து இழுத்து, ஒரே இறுக்கம் வரும்வரை திருகினேன். ஃபிலிமின் முன்விளிம்பை மட்டும் முதலில் ஒட்டி, அடிக்காகிதத்தை ரோலர் நகர நகரக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். மறுபக்கம் கணவர் வியர்வையைத் துடைத்தபடி, பேசாமல் படத்தை ஏந்தினார். எங்கள் இல்வாழ்க்கையில் அப்படியோர் அமைதி அபூர்வம். காதோரம் கடுகளவு ஒன்றைத் தவிர, முகம் கண்ணாடியாய் வந்தது.

டாக்டரம்மா அதைத் தடவிப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். "கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்துச்சு டாக்டர்" என்று கணவர் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வாரமே அவர் ஒரு வீடியோ போட்டார்: 'கொப்புளமில்லாத லேமினேஷன், என் அனுபவம்'. அதில் என் இரண்டு கைகள் நடித்திருக்கின்றன. இப்போது திருப்பத்தூரிலிருந்தெல்லாம் கடைக்காரர்கள் போனில் சந்தேகம் கேட்கிறார்கள். நேற்றும் அப்படி ஒருவருக்கு விளக்கிக்கொண்டே, கல்யாணப் படம் அடிக்க வந்தவரிடம், "சாயங்காலமே தாரேன்" என்று சைகை காட்டினார்.

"நாளைக்கு வாங்கண்ணே" என்று நான் சொல்லி அனுப்பினேன்.