பனிக்குள் இரண்டு சுற்று

தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் நாலு பேர் இருந்தோம். அக்கா ஓட வந்திருந்தாள். அப்பா பார்க்க வந்து, தூரத்தில் மரத்தடியில் நின்றார். சித்தப்பா கிண்டல் பண்ண வந்திருந்தார். நான் சுற்று எண்ண வந்திருந்தேன். எனக்கு எட்டு வயது.

சனிக்கிழமை ஹட்டனில் அக்காவுக்குத் தெரிவு ஓட்டம். தெரிவானால் மாகாணப் போட்டி. இல்லாவிட்டால் ஓட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா விடிந்ததும் இருபது சுற்று என்று தனக்குத்தானே வைத்துக்கொண்டாள். மழையென்றாலும் இருபது.

அன்று நல்ல பனி. அந்தப் பக்கத்துக் கோல் கம்பம் தெரியவில்லை. அக்கா வெறுங்காலோடு பனிக்குள் போவாள், மூச்சு வாங்க வெளியே வருவாள். வரும்போதெல்லாம் ஒரு கல்லை எடுத்துச் சுவெட்டர் பையில் போட்டேன்.

“எங்க மகாராணிய காணோம்? அந்தப் பக்கம் ரொட்டி சுட்டுத் தின்னுட்டு வர்றாளோ?” என்றார் சித்தப்பா.

இருபதாவது கல்லைப் போட்டதும் கத்தினேன். “முடிஞ்சிருச்சு அக்கா! வா, போவோம்.”

அவள் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றாள். “ரெண்டு கழி. அந்தப் பக்கம் ரெண்டு சுத்து நடந்துட்டேன். கால் இழுத்துக்கிச்சு.”

“பனிக்குள்ள யாரு பார்த்தா?” என்றேன்.

“கழி புள்ள.”

அம்மா கொழுந்தெடுப்பவள். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது, இலையில் தண்ணி என்று கணக்கப்பிள்ளை இரண்டு கிலோ கழிப்பார். அம்மா அவரைத் திட்டிக்கொண்டேதான் அன்றைக்குச் சோறு ஆக்குவாள். கழிக்கிறவர் கெட்டவர், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தன் கணக்கில் தானே கழிக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். வாயைப் பிளந்து நின்றேன். சித்தப்பாவும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இரண்டு கல்லை எறிவதுபோல் கையை மட்டும் வீசினேன். அக்கா மறுபடி பனிக்குள் போனாள். நொண்டி நொண்டி, ஆனால் ஓடித்தான் போனாள். இரண்டு தடவை போய் வந்தாள். இரண்டு கல் போட்டேன்.

அப்பா கிட்டே வந்தார். “எத்தன?”

“இருபதுப்பா” என்றாள் அக்கா.

அவர் தன் சுவெட்டரைக் கழற்றி அவள் மேல் போட்டார்.

சனிக்கிழமை அவள் தெரிவானாள். லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு மட்டும் ஆறவில்லை. அக்காவுக்கு அநியாயம் நடந்துவிட்டது, நானாவது அந்த இரண்டு சுற்றைக் காப்பாற்றி வைத்தேனே என்று நினைத்தேன். கற்களைப் பால்மா டின்னில் போட்டு, ஒருமுறை எண்ணி மூடினேன்.

இருபத்திரண்டு.