ஞானேஸ்வரி இறங்காத குளம்

சனிக்கிழமை காலைகளில் ஞானேஸ்வரி தண்ணீரில் குப்புறக் கிடப்பார். கை கால் அசையாது. விபோர்க் நகர நீச்சல் மண்டபத்தின் பழைய காவலர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் விசிலை ஊதிக்கொண்டு ஓடி வருவார்கள். அவர் ஆறுதலாகத் தலையைத் தூக்கி, வாயிலிருந்து மூச்சுக்குழாயைக் கழற்றி, தான் உயிரோடு இருப்பதாக டேனிஷில் அறிவித்துவிட்டு மறுபடி கவிழ்ந்துகொள்வார். நீந்த மாட்டார். ஐம்பத்தாறு வயதில் நீச்சல் பழகும் உத்தேசம் அவருக்கு இல்லை. மிதக்க வேண்டும், கீழே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கீழே இருப்பவை வெள்ளை ஓடுகளும், யாரோ தவறவிட்ட கொண்டை ரப்பரும்.

வாரம் முழுக்க முதியோர் இல்லமொன்றில் மற்றவர்களைக் குளிப்பாட்டுவது அவர் தொழில். ஆனால் தான் ஊரறியக் குளிப்பதற்கு அவருக்கு முப்பது வருடம் எடுத்தது. டென்மார்க்கில் நீச்சல் குளத்துக்குள் இறங்குமுன் உடுப்பு முழுவதையும் களைந்து, சோப்புப் போட்டு, மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று குளிக்க வேண்டும். எங்கெங்கே அழுத்தித் தேய்க்க வேண்டும் என்று சுவரில் படம் வேறு போட்டிருக்கிறார்கள். கோயில் சினேகிதிகள் இதைக் கேட்டு வாயில் கைவைத்தார்கள். ஞானேஸ்வரி சொன்ன பதில் பிறகு பல வீடுகளுக்குப் போனது: "அங்க ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கிறேல்லை. கோயில்லதான் மேலயும் கீழயும் பாக்கிறியள்."

எல்லாம் தொடங்கியது ஒரு கரண்டிக் கஞ்சியில். முதியோர் இல்லத்துக் கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மலிவு விலையில் வெப்ப நாடுகளுக்குப் போவது பற்றிய நிகழ்ச்சி. மெக்சிக்கோவில் காட்டு நடுவே நிலம் வாயைத் திறந்திருந்தது. உள்ளே மரப்படிகள் இறங்கின. அடியில் ஒரு குகை, குகை நிறையத் தண்ணீர், அதன்மேல் முகமூடிக் கண்ணாடி மாட்டிய மனிதர்கள் ஒரு சத்தமும் இல்லாமல் மிதந்தார்கள். ஞானேஸ்வரியின் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. தொண்ணூறு வயது டேனிஷ் அம்மையார் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். பிறகு அவரும் திரும்பித் தொலைக்காட்சியைப் பார்த்தார்.

ஞானேஸ்வரியின் கணவர் சிவானந்தன் பண்டகசாலையில் வேலை செய்கிறவர். ஆசைகளைப் பெயர் மாற்றிச் சிறிதாக்குவதில் கெட்டிக்காரர். "கிணறு பாக்க ஆராவது மெக்சிக்கோவுக்குப் போவினமோ?" என்றார். கிணறுதான் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்திலேயே அடி காணாத நிலாவரை இருக்கிறது என்று உறவினர் நினைவூட்டினார்கள். "அங்க எட்டிப் பாக்கத்தான் விடுவினம்" என்றார் ஞானேஸ்வரி. விபோர்க்குக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்புக் குகைகள் இருப்பதை வேலையிடத்தில் சொன்னார்கள். அதற்குள் பாற்கட்டியைப் பதமாக்க அடுக்கி வைத்திருப்பதையும் வௌவால்கள் தூங்குவதையும் அவர் அறிவார். அவருக்கு வேண்டியது குகை அல்ல, குகைக்குள் இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீர். அதைவிட, மேலே ஒருவரும் கூப்பிட முடியாத ஓர் இடம்.

போவதுதான் கடினம். டென்மார்க் சட்டம் தாராளமாக விடுமுறை தருகிறது. ஆனால் தமிழருடைய விடுமுறை அவர்களுடையது அல்ல. அது கல்யாண மண்டபங்களுக்குச் சொந்தமானது. ஒரு கோடை லண்டனில் வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சாமத்திய வீடு, அடுத்த கோடை பாரிசில் அறுபதாம் கலியாணம். உலகத்தின் பாதி நகரங்களுக்குப் போய் அங்கெல்லாம் ஒரே சோற்றைச் சாப்பிட்டுத் திரும்பியவர் ஞானேஸ்வரி. இரண்டு குளிர்காலம் அவர் ஓடுகளைப் பார்த்துக் கிடந்த பிறகு, மகள் தனுசியாவுக்கு மனம் இளகியது. யாரோ கைவிட்ட கடைசி நேர இருக்கைகள் இரண்டைப் பிடித்து, ஒரு வார மெக்சிக்கோப் பயணத்தை ஒழுங்கு செய்தாள். கடலிலிருந்து தூரமான விடுதி. காலைச் சாப்பாடு மட்டும். ஒரே ஒரு நாள் குகைக்குளம்.

அந்த நாள் விடிந்ததும் ஞானேஸ்வரி பெட்டிக்குள்ளிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்தார். இடுப்பு வரை விழும் தலைமயிரைப் பிரித்து, உச்சியிலிருந்து நுனி வரை நல்லெண்ணெய் வைத்தார். விபோர்க் குளத்துக்கு இப்படி ஒருநாளும் போனதில்லை, அது பயிற்சி. இது முழுக்கு. "நல்ல தண்ணியில முழுகப் போறன், தலைக்கு வைக்காமப் போறதோ?" என்று சிவானந்தனிடம் கேட்டார். அவருக்கும் அது நியாயமாகவே பட்டது.

குகையின் வாசலில் ஓர் இளம்பெண் நின்றாள். இறங்குகிறவர்களின் தோளை விரலால் தொட்டுப் பார்ப்பது அவள் வேலை. கிறீம், எண்ணெய் எதுவும் அந்தத் தண்ணீருக்குள் போகக் கூடாது. அதிலே குருட்டு மீன்கள் இருக்கின்றன. ஞானேஸ்வரியிடம் அவள் தோள் வரைக்கும் போகவேயில்லை. காற்றை மோந்தாள். பக்கத்தில் குழாய் இருந்தது, ஆனால் சோப்புக்கு அனுமதி இல்லை. வெறும் தண்ணீர் நல்லெண்ணெயை என்ன செய்துவிடும்? ஞானேஸ்வரி அங்கே நின்று தலையைக் கசக்கினார், பிழிந்தார், மறுபடி கசக்கினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அந்தப் பெண் உண்மையான வருத்தத்தோடு ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள். வந்த பேருந்து காத்திருக்காது.

கடைசியில் ஞானேஸ்வரி தன் முகமூடிக் கண்ணாடியைக் கழற்றிக் கணவனுக்கு மாட்டிவிட்டார். சிவானந்தனுக்கு நீந்தத் தெரியாது. இறங்கும் எண்ணமும் இருக்கவில்லை. "நீங்களாவது போய்ப் பாருங்கோ" என்றார் ஞானேஸ்வரி. மிதவைச் சட்டையைப் பூட்டி, மனிதர் மரப்படிகளில் பக்கவாட்டாக இறங்கி மறைந்தார். திரும்பி வந்தபோது அவரைச் சுற்றி ஒரு சிறு குட்டை தேங்கியது. ஞானேஸ்வரி கேட்டார்: "எப்பிடி?"

"நல்ல தண்ணி."

அதற்குமேல் வரவில்லை. விமானத்திலும் வரவில்லை, வீட்டிலும் வரவில்லை. கறிக்குத் தாளிக்கும்போது, காரில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது, அவர் சப்பாத்துக் கழற்றும்போது ஞானேஸ்வரி கேட்டுக்கொண்டே இருந்தார். கீழே பாறை தெரிந்ததா, மீன் பக்கத்தில் வந்ததா, அடி தெரிந்ததா இருட்டாகப் போனதா? "தெரிஞ்சது", "வந்தது", "ரெண்டுந்தான்" என்று வந்தன பதில்கள். மகள் படம் எதையாவது இணையத்தில் பார்க்கச் சொன்னாள். ஞானேஸ்வரி பார்க்கவில்லை. அவை வேறு யாரோ பார்த்தவை. தன்னுடைய கண்ணாடிக்குள்ளால் பார்த்தவர் ஒரே ஒருவர், அவரோ இப்படி.

சென்ற மாதம் ஒரு பிற்பகல், ஜன்னலுக்கு வெளியே அதற்குள்ளேயே இருட்டியிருக்க, ஞானேஸ்வரி டொரண்டோக் கல்யாணத்துக்குச் சேலை தெரிவுசெய்துகொண்டிருந்தார். வருகிற விடுமுறை அதற்குப் போய்விட்டது. கையில் ஒரு நீலச் சேலை வந்ததும் நின்றார்.

"இஞ்சேருங்கோ, இந்த நீலமோ?"

சிவானந்தன் எதன் நீலம் என்று கேட்கவில்லை. பார்த்து, இல்லை என்றார். மயில்நீலம் வந்தது. அதுவும் இல்லை. பச்சை கலந்தது, வானம் போன்றது, கூறைக்கு அடுத்ததாக உடுத்தது, எல்லாம் அலுமாரியிலிருந்து கட்டிலுக்கு வந்தன. எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டியவர், சேலைக் குவியலுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"இஞ்ச பாரும். நான் தண்ணிக்குள்ள முகத்தை வைக்கேல்லை."

ஞானேஸ்வரி மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"பயமாக் கிடந்தது. கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டிட்டு மல்லாந்து கிடந்தனான். கீழ பாக்கவே இல்லை. உமக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு..."

ஞானேஸ்வரி மறுபடி மடிக்கத் தொடங்கினார், வேகமாக, ஓரங்கள் பொருந்தாமல். ஒரு வருடமாக அவர் கேட்டதெல்லாம் கீழே இருந்ததைப் பற்றி. ஒரு வருடமாக இந்த மனிதர் பாராத மீனைப் பார்த்ததாக ஒத்துக்கொண்டிருந்திருக்கிறார். சேலைகள் அடுக்கப்பட்டன, கலைந்தன, திரும்ப அடுக்கப்பட்டன. முகத்தைத் திருப்பாமலே கேட்டார்:

"அப்ப மேல என்ன இருந்தது?"

இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "ஓட்டை" என்றார் சிவானந்தன். "வட்டமா ஒரு ஓட்டை. மரத்தின்ர வேர் எல்லாம் அதுக்குள்ளால தண்ணி வரைக்கும் தொங்குது. வெளிச்சம் அப்பிடியே... கம்பு மாதிரி. இல்லை, கம்பு இல்லை." சொற்கள் தீர்ந்தன. எழுந்தார். மனைவியின் கையில் பாதி மடிந்திருந்த மெல்லிய மஞ்சள் சேலையை வாங்கி உதறினார். கம்பளிக் காலுறையோடு கட்டில்மேல் ஏறி, தள்ளாடி, சேலையைக் கூரை விளக்குக்குக் கீழே தலைக்குமேல் விரித்துப் பிடித்தார்.

"இதுக்குக் கீழ படும்" என்றார்.

ஞானேஸ்வரி சண்டைக்கு ஆயத்தமான முகத்தோடு அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நீலங்களை ஒருபுறமாகத் தள்ளிவிட்டு, அவர் கால்களுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.