த்வாண்டேயில் பாதியில் விட்ட உபவாசம்

1997 மழைக்காலம். பர்மாவில், ரங்கூனுக்கு அக்கரையில், த்வாண்டேயிலிருந்து டலா படகுத்துறைக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். என் தம்பி மனைவி மா கின் எனக்கு முன்னால் போனாள். நாங்கள் ஏறிய லைன் கார், ஆட்களை ஏற்றும் வண்டி, சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. காத்திருக்க நேரமில்லை, நடந்தோம். மூன்று வாரமாகக் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்த உடம்பு. கால் எங்கே விழுகிறது என்று எனக்கே தெரியவில்லை. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம். எனக்கும் கோபம். உபவாசத்துக்கு அழைத்த மூப்பர்மேல், தம்பிமேல், மழைமேல். உள்ளதைச் சொன்னால் ஆண்டவர்மேலும்தான்.

அன்பான விசுவாசிகளே, சாட்சியைச் சாந்தமாகச் சொல்லத்தான் நமக்குப் பழக்கம். எனக்கு அது வராது. கோபத்தோடு கேட்டேன், பதில் கிடைத்தது. கோபத்தோடுதான் எழுதவும் முடிகிறது.

என் பேர் சாமுவேல். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதைப் பக்கம் பிறந்தவன். நாலாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், மௌல்மெயினில் படகு வேலைக்குப் போனேன், ஷ்வேப்யிதாவில் சோப்புக் கம்பெனியில் இருந்தேன், த்வாண்டேயில் பானை ஏற்றினேன். பிடிக்காவிட்டால் லோஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். தம்பி தாசு அப்படியில்லை. மர ஆலையில் ஒரே வேலை, மா கின்னைக் கட்டி ஒரே அறையில் குடித்தனம். அவள் பர்மாக்காரி, புத்த மார்க்கம். எங்கள் தெருவிலேயே வளர்ந்ததால் தமிழ் பேசுவாள். என்னை மட்டும் அவர்கள் வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் கோ என்பாள்.

எங்கள் அம்மா அம்மனுக்குத் தீ மிதிப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் மிதிப்பாள், தாசுவுக்கு அம்மை போட்டால் மிதிப்பாள். பிள்ளையை நீ விடு, பாதத்தை நான் தருகிறேன் என்பதுதான் பேச்சு. அவள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் இயேசுவை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் எடுத்தோம். அவர் நம்மிடம் ஒன்றும் வாங்காமல் இரட்சிக்கிறவர் என்று கேட்டுத்தான் வந்தோம். ஆனால் அம்மாவின் அந்தக் கொடுக்கல் வாங்கலையும் கூடவே கொண்டுவந்துவிட்டோம். அது எங்களுக்குத் தெரியவில்லை. மூப்பருக்குத் தெரிந்தது.

அவர் பேர் இங்கே வேண்டாம். எந்தச் சபையையும் சேர்ந்தவர் அல்ல. த்வாண்டேக்கு வெளியே வயல் நடுவில் மூங்கில் தட்டி அடைத்து ஓர் உபவாச வீடு நடத்தினார். நல்ல குரல். அவர் ஜெபித்தால் கல்லும் அழும் என்பார்கள். நானும் அழுதிருக்கிறேன்.

அந்த வருஷம் தாசு மரம் ஏற்ற மேல் பர்மாக் காட்டுப் பக்கம் போய் மலேரியாவோடு திரும்பினான். தெருவில் இருந்த டாக்டர் கொய்னா மாத்திரை கொடுத்தார். இரண்டு நாள் விழுங்கினான். பிறகு மூப்பர் பார்க்க வந்தார். தலைமாட்டில் மாத்திரையைக் கண்டார். ஆண்டவரை நம்புகிறவன் மாத்திரையை நம்பமாட்டான், இரண்டிலும் கால் வைத்தவனுக்கு இரட்சிப்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றோடு தாசு மாத்திரைக்கு வாயை மூடிக்கொண்டான். அவன் சாவுக்குப் பயப்படுகிறவன் இல்லை. செத்த பிறகு தன்னை உள்ளே சேர்க்கமாட்டார்கள் என்று பயந்தான். காய்ச்சலைவிட அந்தப் பயம்தான் அவனைத் தின்றது.

நோயாளியால் உபவாசம் இருக்க முடியாது, ரத்த சம்பந்தம் உள்ளவன் அவனுக்காக இருக்கட்டும் என்று மூப்பர் என்னை அழைத்தார். போனேன். நானும் அந்த அம்மாவின் பிள்ளைதானே.

முதல் வாரம் தாசுவின் விசுவாசம் போதாது என்றார். இரண்டாம் வாரம் என் விசுவாசம் போதாது என்றார். மூன்றாம் வாரம் எங்கள் இரண்டு பேரிடமும் ஏதோ மறைந்த பாவம் இருக்கிறது என்றார். எவ்வளவு இருந்தால் போதும் என்று கேட்டேன். அப்படிக் கேட்பதே அவிசுவாசம் என்றார்.

அப்போதுதான் மா கின் வந்தாள். புத்த மார்க்கக்காரி என்று அவளைப் படலுக்கு உள்ளே விடவில்லை. மழையில் நின்றாள். தாசு இப்போது ஆள் தெரியாமல் பேசுகிறான், தெளிகிற நேரத்தில் மாத்திரையை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறான், நீங்கள் வந்து சொன்னால்தான் விழுங்குவான் என்றாள். நான் மூப்பரிடம் விடை கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை. தோளில் கை வைத்துத்தான் சொன்னார்.

"தம்பி, படலைத் தாண்டினா இதுவரைக்கும் இருந்தது அத்தனையும் வீண். உன் தம்பி ஆத்துமா நரகத்துக்குப் போனா, அது உன் தலைமேல."

தாண்டினேன். தைரியத்தில் தாண்டவில்லை. அந்தக் கை என் தோளில் இருந்ததைப் பொறுக்க முடியவில்லை, அதனால் தாண்டினேன். அவர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ற நடுக்கம் வழியெல்லாம் கூடவே வந்தது.

டலாவுக்குப் பாதி வழியில் ஒரு கீற்றுக்கொட்டகையில், அரிசிச் சேவையில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா விற்றார்கள். மா கின் ஒரு கிண்ணம் வாங்கி என் முன்னால் வைத்தாள். மீன் குழம்பின் ஆவி முகத்தில் அடித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உபவாசத்தை முறைப்படி முடிக்கவில்லையே என்றேன். அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்ததை அவள் அப்போது கொட்டினாள்.

"கோ சாமு, எங்க ஆளுக குத்தோ செய்வாங்க, புண்ணியம். பொங்யி சாமியாருக்குச் சோறு போடுவாங்க, குருவி வாங்கிப் பறக்க விடுவாங்க. செஞ்சா அடுத்த பிறவிக்கு ஆகும்னு வெளிப்படையாவே சொல்லிடுவாங்க. உங்க மூப்பர் சும்மா கிடைக்கும்னு கூப்பிட்டுட்டு, உள்ள வந்தப்புறம்ல வாங்குறாரு? இதுக்கு எங்களோடதே தேவலாம். குருவியாச்சும் பறக்கும்."

கொட்டகைக்காரி சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் எது பொய்? தின்பதற்கு முன் ஜெபம் செய்வது நம் வழக்கம். கண்ணை மூடினேன். வந்தது இதுதான்:

ஆண்டவரே, இந்த மூன்று வாரப் பட்டினியை உமக்குத் தரவில்லை, திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தாசுவுக்காகத் தர என்னிடம் ஒன்றும் இல்லை. அவனிடமும் இல்லை. விசுவாசம் இருக்கிறதா என்று கேட்டால் அதுவும் கொஞ்சம்தான் இருக்கிறது. நீர் சும்மா தருகிறவர் என்றால் இப்போது தாரும். அவன் பயத்தை எடுத்துப்போடும். நீரும் வாங்கிக்கொண்டுதான் தருவீர் என்றால் எனக்கு அம்மா கும்பிட்ட அம்மனே போதும். அவளாவது வெளிப்படையாகக் கேட்டாள்.

இப்படி ஜெபிக்கலாமா என்று என்னிடம் பலபேர் கேட்டுவிட்டார்கள். ஜெபித்துவிட்டேன். பிறகு சாப்பிட்டேன். மின்னல் ஒன்றும் விழவில்லை. கிண்ணத்தை வழித்து முடித்தபோது என் நடுக்கம் நின்றிருந்தது. நான் ஒன்றும் தராமல் கேட்டேன், கேட்டது அவர் காதில் விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று விளக்கத் தெரியாது.

டலாவில் படகு ஏறி ஆற்றைக் கடந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். தாசு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். எலும்பும் தோலும். மஞ்சள் கண். என்னைத் தெரிந்துகொண்டான். அவன் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"அண்ணே, உபவாசம் முடிச்சிட்டியா?"

"முடிக்கல. பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். வழியில மொஹிங்கா தின்னேன்."

அவன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. பாலம் உடைந்து தண்ணீரில் விழுகிறவன் முகம். "அப்ப எனக்கு யாருண்ணே இருக்கா?" என்றான்.

"நான் இல்லடா. மூப்பரும் இல்ல. இயேசு ஒருத்தருதான் இருக்காரு. அவரு போதாதுன்னா நான் பட்டினி கிடந்து என்ன ஆகப்போவுது?"

மா கின் மாத்திரையும் தண்ணீரும் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நீட்டவில்லை.

"இதத் தின்னா அவரு என்னைய விட்டுருவாரா?"

"ஒரு மாத்திரைக்காக உன்னை விட்டுட்டுப் போற ஆளு, உனக்காகச் சிலுவைல சாவ வந்திருப்பாரா?"

தாசு அழவில்லை. சிரிக்கவும் இல்லை. கடித்திருந்த தாடை தளர்ந்தது, அவ்வளவுதான். மா கின்னைப் பார்த்து வாயைத் திறந்தான். முதல் மாத்திரையை வாந்தி எடுத்தான். இன்னொன்று கொடுத்தாள். அது தங்கியது. போர்வையை இழுத்துக்கொண்டு, "ஆண்டவரே, என்கிட்ட ஒண்ணுமில்ல, நீயே பாத்துக்க" என்றான். அவன் வாயிலிருந்து பயமில்லாமல் ஒரு ஜெபம் வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

டாக்டர் குளுகோஸ் ஏற்றினார். காய்ச்சல் ஏறி இறங்கி, ஒரு வாரத்துக்குப் பிறகு விட்டது. மழை முடிந்ததும் தாசு மர ஆலைக்குத் திரும்பினான். மருந்துதானே காப்பாற்றியது என்று சிலர் கேட்பார்கள். நான் மறுக்கவில்லை. மருந்து அதற்கு முன்பும் தலைமாட்டில்தான் இருந்தது. நான் கேட்டது பயம் போக வேண்டும் என்று. அது போனது. வாய் திறந்தது.

கேட்டது கிடைத்தும் ஏன் கோபம் என்பீர்கள். சொல்கிறேன். அந்த உபவாச வீட்டுக்காரர்கள் தாசு பிழைத்ததை இன்றைக்கும் தங்கள் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் மூன்று வாரம் வயிற்றைக் காயப்போட்டான், ஆண்டவர் மனமிரங்கினார் என்று. மொஹிங்காவைச் சொல்வதில்லை. மழையில் நிறுத்திய பெண்ணைச் சொல்வதில்லை. அதைக் கேட்டு எந்தத் தாய் தன் பிள்ளையின் மாத்திரையை ஒளித்து வைக்கிறாளோ என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உபவாசம் கூடாது என்று நான் சொல்லவில்லை. பசித்து ஜெபிக்கிறவன் ஜெபிக்கட்டும். ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆண்டவர் வாசலில் பேரம் பேசாதீர்கள். உங்கள் விசுவாசத்தையும் தராசில் வைக்காதீர்கள். என் விசுவாசம் அன்றைக்கு அரைப்பிடி இருந்ததோ என்னவோ. அதுவா தாசுவைத் தாங்கியது? தாங்கினவர் தாங்கினார். உங்களிடம் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லாமலே போங்கள். கோபத்தோடு போனாலும் பரவாயில்லை. என்னை அவர் அடித்து விரட்டவில்லை.

நான் அதற்குப் பிறகு ரங்கூனை விட்டுப் போகவில்லை. நன்றிக்காக என்ன பொருத்தனை செய்தாய் என்று கேட்கிறார்கள். ஒன்றும் செய்யவில்லை. தாசுவைப் பார்த்துக்கொள்ள மா கின் தன் வெற்றிலைக் கடையை மூடியிருந்தாள், வீட்டில் அரிசி இல்லை. தாசு மாத்திரை விழுங்கிய மறுநாள் காலை பக்கத்துத் தெருவில் மாடி வீடுகளுக்குத் தண்ணீர் சுமக்க ஆள் தேடினார்கள், போய் நின்றேன். வீட்டுக்காரி டோ மியா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த உடம்போடு மூன்றாம் மாடி ஏறுவாயா என்று கேட்டாள். மெதுவாக ஏறுவேன் என்றேன். மெதுவாகவே ஏறு, படியில் சிந்தாதே என்றாள். தோள்கம்பில் இரண்டு தகர டின்னையும் மாட்டிக்கொண்டு முதல் நடையை ஏறினேன்.