குறையே இல்லாத கஜபதியின் ரேடியேட்டர்

பட்டாபிராம் கஜபதி, ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் உதிரிபாகங்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர். அவர் 'சரி' என்று கையெழுத்திட்ட எந்தச் சாமானும் திரும்பி வந்ததில்லை. அப்படி அவரே சொல்லுவார்.

போன மாதம் குமணன்சாவடி சிக்னலில் ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக நகர்ந்து அவர் காரின் மூக்கைத் தொட்டது. நம்பர் பிளேட் நெளிந்தது, பம்பரில் ஒரு கீறல். கஜபதி காரைச் சுற்றி வந்தார், குனிந்தார், அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அன்று மாலை இன்சூரன்ஸ் படிவத்தில் 'இதர விவரங்கள்' என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. காலிக் கட்டம் அவருக்கு ஆகாது. 'மற்ற பாகங்கள் அனைத்தும் என்னால் பரிசோதிக்கப்பட்டன. குறை ஏதும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வேப்பம்பட்டு போகும் வழியில் கார் புகைந்து நின்றது. மெக்கானிக் ஜம்புலிங்கம் பம்பரைக் கழற்றிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ரேடியேட்டர் வாயப் பொளந்துகினு கீது! லாரி இட்ச்சப்பவே உள்ள அடி வாங்கிக்கீது. பதினெட்டாயிரம் ஆவும்."

இன்சூரன்ஸ் சர்வேயர் வெங்கட் வந்தார். ரேடியேட்டரைவிடப் படிவத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"குறை இல்லைனு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே சார்?"

"பம்பருக்குப் பின்னாடி கீறது வெளியேர்ந்து எப்டிப்பா தெரியும்?"

"அதத்தான் எழுதித் தாங்க சார். 'நான் பண்ண சோதனை சரியில்ல', ஒரே வரி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

மனைவி லோகநாயகி பேனாவைக் கையில் திணித்தார். "எழுதிக் குட்த்துட்டு வாங்க. இதுக்கு இன்னா மெடலா குத்திவுட்டாங்க உங்களுக்கு?"

லாரிதான் உடைத்தது என்று கஜபதிக்கு நன்றாகத் தெரியும். எழுதத்தான் உட்கார்ந்தார். ஒரு வரி இரண்டு பக்கமாயிற்று. எங்கெங்கே தட்டினார், எந்தத் தட்டுக்கு என்ன ஓசை வந்தது, எல்லாம் வந்தது. சோதனை சரியில்லை என்பது மட்டும் பேனாவை விட்டு இறங்க மறுத்தது. கடைசியில் இப்படி முடிந்தது: 'என் பரிசோதனையில் பிழையில்லை. ஆகவே ரேடியேட்டர் அதற்குப் பிறகே உடைந்திருக்க வேண்டும்.'

பத்தே நாளில் பதில் வந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளர் சொன்னதை அந்த நிறுவனம் இவ்வளவு முழுமனதாக ஒப்புக்கொண்டது அநேகமாக அதுவே முதல் தடவை. தங்கள் கருத்தை ஏற்கிறோம், விபத்துக்குப் பின் உடைந்ததற்கு இழப்பீடு கிடையாது, நம்பர் பிளேட்டுக்கு நானூறு ரூபாய் தனியே வரும்.

கஜபதி கடிதத்தை மனைவியிடம் நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு களை.

"பாத்தியா? என் சோதனைல தப்பே இல்லன்னு கம்பெனிக்காரனே ஒத்துகினான்."

லோகநாயகி படித்தார். கூடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார்.

"இனிமே காரு இல்ல, பஸ்ஸுதான். என் பாடு பரவால்ல, பொம்பளைங்களுக்கு பஸ்ல டிக்கெட்டு கெடயாது. நீங்க அந்த லெட்டர கண்டக்டர்கிட்ட காட்டிப் பாருங்க."